மேற்குப் பக்கம் 60 அடி: காம்பவுண்டு சுவரா, உயிர்வேலியா?

செவ்வாழை (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். சூலூர் பக்கம் ஆறு சென்டில் வீடு கட்டிக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. மூன்று பக்கம் காம்பவுண்டு சுவர் எழுப்பியாயிற்று. மேற்குப் பக்கம் 60 அடி மட்டும் பாக்கி. இப்போதைக்குக் கல்லுக்கால் நட்டுக் கம்பிவலை கட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் காலி மனை, அதைத் தாண்டி ஒரு சோளக்காடு.

மேஸ்திரி, "அதையும் ஹாலோ பிளாக்கில் எடுத்துவிடலாம் சார், பத்து நாள் வேலை" என்கிறார். ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். ஆனால் பணம் மட்டும் காரணம் இல்லை. சுவர்கள் வந்த பிறகு ராத்திரி பத்து மணிக்குக்கூட முற்றத்தில் அனல் அடிக்கிறது. தெற்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. மேற்கையும் அடைத்துவிட்டால் வெந்து போவோம் என்று தோன்றுகிறது.

அதனால் உயிர்வேலி வைக்கலாமா என்று யோசனை. வீட்டில் "பாம்பு வரும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். என்ன செடி, எவ்வளவு இடைவெளி, உண்மையிலேயே பலன் உண்டா?

---

முள்கிளுவை (காங்கேயம்)

தாராளமாக வையுங்கள். எங்கள் பக்கம் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, முழுக்கக் கிளுவை வேலிதான். கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. உள்ளே மாட்டை அவிழ்த்து விட்டால் சாயங்காலம் போய் ஓட்டி வந்தால் போதும். என் தாத்தா ஊன்றிய வேலி இன்னும் நிற்கிறது. அவர் கட்டிய சுவர் இரண்டு முறை இடிந்து நாங்கள் மறுபடி கட்டினோம்.

கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) மழைக்கு முன்னால் அடிக்கு ஒன்றாக ஊன்றினால் போதும், தண்ணீர்கூடப் பெரிதாகத் தேவையில்லை. வேலி வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பிரண்டை ஏறும், கோவைக்கொடி ஏறும், முடக்கத்தான், தூதுவளை, வேலிப்பருத்தி எல்லாம் ஏறும். யாரும் நட்டதில்லை, குருவியும் காற்றும் கொண்டு வந்து போட்டதுதான். எங்கள் ஆத்தா துவையலுக்குப் பிரண்டை வேண்டுமென்றால் கடைக்குப் போனதே கிடையாது, வேலிக்குத்தான் போவார்.

ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோடையில் கிளுவை இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். காட்டுக்குப் பரவாயில்லை. வீட்டுக்கு நிழலும் மறைப்பும் வேண்டுமென்றால் அது மட்டும் போதாது.

---

சந்தேகப்பேர்வழி (திருச்சி)

எல்லோரும் கவிதை எழுதுவதற்கு முன்னால் நான் கெட்டவனாக இருந்துவிடுகிறேன்.

பாம்பு என்பது வீட்டம்மாவின் கற்பனை இல்லை. சுருட்டை விரியன் முள்வேலி அடியில் கிடக்கும் சருகில் படுத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கொசு அடுத்தது. புதர் இருந்தால் கொசு. மூன்றாவது பக்கத்து மனைக்காரர். இன்றைக்குக் காலி மனை, நாளைக்கு அவர் வீடு கட்டுவார். "உங்கள் செடி என் இடத்தில் நீட்டுகிறது, உங்கள் சருகை யார் கூட்டுவது?" என்று வருவார். சுவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அப்புறம் இந்த "சுற்றுச்சூழல் நன்மை" என்பது 60 அடிச் செடிக்கு ரொம்பப் பெரிய வார்த்தை.

---

மல்லிப்பந்தல் (சென்னை)

சந்தேகப்பேர்வழி சார், உங்கள் மூன்றாவது கேள்வி நியாயம். முதல் இரண்டும் பாதி நியாயம்.

பாம்புக்கு வேண்டியது எலியும் ஒளிய ஓட்டையும். வீடு கட்டி மிஞ்சிய செங்கல் அடுக்கு, சென்ட்ரிங் பலகை, தேங்காய்மட்டைக் குவியல் இதெல்லாம் சுவரோரம்தான் கிடக்கும், அங்கேயும் பாம்பு வரும். செவ்வாழை, உங்கள் வீட்டில் மீதி ஜல்லியும் பலகையும் இன்னும் கிடக்கிறதா? முதலில் அதை எடுத்துவிடுங்கள். வேலி அடியில் சருகு ஓரடிக்குக் குவிய விடாதீர்கள், வாசலிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் ஐந்தடி தள்ளி வையுங்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. சுவர் வைத்தாலும் முடியாது.

கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில், இலையில் இல்லை. பகலில் நிழலான புதரில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும் என்பது உண்மை. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டையும் மொட்டை மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பாவையும் கவிழ்த்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

என் அனுபவம் தூசி பற்றியது. எங்கள் வீடு பஸ் போகிற ரோட்டின் மேல். தரைத்தளம். ஜன்னலுக்கும் ரோட்டுக்கும் நடுவே எட்டடிதான். மார்பளவு உயரத்துக்கு இட்லிப்பூவும் செம்பருத்தியும் நெருக்கமாக வைத்து மூன்று வருடம் ஆகிறது. போன பங்குனியில் சும்மா ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ரோட்டுப் பக்கத்து இலை பத்தைத் துடைத்தேன். துணி அடுப்புத் துணி மாதிரி ஆகிவிட்டது. அதே செடியில் வீட்டுப் பக்கத்து இலையைத் துடைத்தேன், லேசான பழுப்புதான். அந்தத் துணிக் கறுப்பு இல்லையென்றால் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் பையனுக்கு வீசிங் உண்டு. அது குறைந்ததா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். ஜன்னல் கம்பியைத் துடைப்பது தினமும் என்பதிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை என்று ஆனது, அதற்குச் சத்தியம் செய்வேன்.

---

காற்றுமானி (தூத்துக்குடி)

மல்லிப்பந்தல் சொன்னதற்குக் காரணம் உண்டு. வண்டிப் புகை வெளியே வருவது முழங்கால் உயரத்தில். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் நெருங்கிய தெருவில் குடை மாதிரி விரிந்த பெரிய மரங்கள் புகையை மேலே போக விடாமல் கீழேயே பிடித்து வைப்பதும் உண்டு. அந்த இடத்தில் தாழ்வான, அடர்த்தியான வேலிதான் நடப்பவருக்கும் ஜன்னலுக்கும் உதவும். சொரசொரப்பான, ரோமம் உள்ள இலை வழவழ இலையைவிட அதிகம் தூசி பிடிக்கும்.

செவ்வாழைக்கு முக்கியமான விஷயம் காற்று. உங்கள் மேற்கு என்பது சாதாரண மேற்கு இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வைகாசியிலிருந்து ஆவணி வரை உங்களைத்தான் அடிக்கும். சுவர் அதை நிறுத்திவிடும் என்று மேஸ்திரி நினைப்பார். கெட்டியான சுவரில் மோதிய காற்று மேலே ஏறி, சுவருக்கு இந்தப் பக்கம் சுழன்று விழும். சுவரோரம் வைத்த வாழை கிழிவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் அதுதான். பாதி இடைவெளியும் பாதி இலையுமாக இருக்கிற வேலி காற்றை வடிகட்டி, வேகத்தைக் குறைத்து அனுப்பும். வேலி உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை அந்தப் பலன் தெரியும். ஆறடி வேலிக்கு அறுபதடி என்று வையுங்கள், உங்கள் மனை முழுக்க வந்துவிட்டது. காற்று வேகம் குறைந்தால் மண் காய்வதும் குறையும், தோட்டத்துக்குத் தண்ணீர் மிச்சம்.

வெப்பம் பற்றி நீங்களே சொல்லிவிட்டீர்கள். சுவர் பகல் வெயிலைச் சேர்த்து வைத்து ராத்திரி திருப்பிக் கொடுக்கும். இலை வெயிலை வாங்கித் தண்ணீரை ஆவியாக்கிச் செலவழித்துவிடும்.

சத்தம் குறையும் என்று நர்சரியில் சொல்வார்கள், நம்பாதீர்கள். ஒற்றை வரிசைச் செடி சத்தத்தைத் தடுக்காது. பல மீட்டர் தடிமன் வேண்டும். வண்டி கண்ணுக்குத் தெரியாததால் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

---

சந்தேகப்பேர்வழி (திருச்சி)

சத்தத்தில் ஒரு வேலிக்காரரே என் பக்கம் வந்ததில் மகிழ்ச்சி. காற்று விஷயம் எனக்குத் தெரியாதது, ஒப்புக்கொள்கிறேன்.

சரி, செடி வைத்தே தீருவது என்றால் நர்சரியில் கிடைக்கும் கோல்டன் டுரண்டாவை வாங்கி வைத்துவிட்டுப் போகலாமே? சீக்கிரம் வளரும், கத்தரித்தால் சுவர் மாதிரி அழகாக நிற்கும். கிளுவை, பிரண்டை என்று ஏன் காட்டைக் கொண்டு வர வேண்டும்? கோனோகார்பஸ்கூட எல்லா லேஅவுட்டிலும் வைக்கிறார்கள்.

---

முள்கிளுவை (காங்கேயம்)

கோனோகார்பஸ் மட்டும் வேண்டாமுங்க. குஜராத்தில் 2023-ல் வனத்துறை நாற்றங்கால்களிலும் வனப்பகுதியிலும் அதை நடக்கூடாது என்றே உத்தரவு போட்டார்கள். வேர் குழாயைத் தேடிப் போகும், மகரந்தம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

டுரண்டாவின் மஞ்சள் காய் விஷம், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் யோசியுங்கள். அதுவும் மாதாமாதம் கத்தரிக்கிற ஒற்றைச் செடி வேலியில் பூவும் வராது, காயும் வராது. பச்சை பெயின்ட் அடித்த சுவர்தான் அது.

அவசரத்துக்கு வைத்த வேலி என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. சீமைக்கருவேலத்துக்கு வடமாவட்டங்களில் என்ன பெயர் தெரியுமா? வேலிக்காத்தான். வேலி காக்க வந்தவன் வேலியைத் தாண்டி ஏரி, கண்மாய், தரிசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். உண்ணிச்செடியும் அப்படித்தான். அழகுக்கும் வேலிக்கும் என்று வெள்ளைக்காரன் கொண்டு வந்தது, இன்றைக்கு முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் யானைக்குப் புல் இல்லாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

---

கதியால் (யாழ்ப்பாணம்)

இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். எங்கட ஊரில் வேலி என்றால் கதியால்தான். பூவரசு, கிளுவை, முருங்கை, சீமைக்கிளுவை எல்லாவற்றிலும் தடி வெட்டி ஊன்றுவோம், அதுவே துளிர்த்து மரமாகிவிடும். இடையில் கிடுகு (பின்னிய தென்னோலை) கட்டினால் மறைப்பு. வருடத்துக்கு ஒருமுறை கொப்பு வெட்டுவோம். பூவரசங் குழை தோட்டத்துக்குப் பசளை, சீமைக்கிளுவைக் குழையும் அப்படியே. மிச்சம் ஆட்டுக்கு, காய்ந்த தடி அடுப்புக்கு. வேலியிலிருந்து எதுவும் குப்பைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை.

சீமைக்கிளுவை என்று நாங்கள் சொல்வது நீங்கள் சொல்லும் கிளைரிசிடியா. காற்றில் உள்ள தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும். அதுவும் மெக்சிகோப் பக்கத்து மரம்தான், கொடுக்காப்புளியும் அந்தப் பக்கத்ததுதான். ஆகவே வெளியூர்ச் செடி எல்லாம் கெடுதி என்றில்லை. வைத்த இடத்தில் நிற்குமா, கைமீறிப் பரவுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லைச் சண்டை பற்றிச் சந்தேகப்பேர்வழி சொன்னது பொய்யில்லை. கதியாலை ஒரு சாண் தள்ளி ஊன்றிவிட்டான் என்று கோர்ட்டுக்குப் போன குடும்பங்கள் எங்களிடம் எத்தனையோ. எல்லையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள். அந்த இரண்டடியை இழப்பு என்று நினைக்காதீர்கள், அந்தப் பக்கம் நின்று வெட்டவும் கூட்டவும் உங்களுக்கே இடம் வேண்டும்.

---

உப்புமூட்டை (சேலம்)

வேலி என்றதும் ஞாபகம் வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் உப்புக் கடத்தலைத் தடுக்க வடஇந்தியாவில் சிந்து நதிப் பக்கத்திலிருந்து ஒடிசா வரை ஒரு சுங்கக் கோடு போட்டு, அதில் பெரும் நீளத்துக்கு முள்வேலியே வளர்த்தார்கள். பின்னாளில் காங்கிரசைத் தொடங்கிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான் 1867 முதல் 1870 வரை அதைப் பார்த்துக்கொண்டார். முதலில் வெட்டிய முள்ளைக் குவித்து வைத்துப் பார்த்தார்கள். கரையான் தின்றது, தீப்பிடித்தது, புயல் தூக்கிப் போனது. அப்புறம்தான் உயிருள்ள வேலி. இலந்தை, கருவேலம், களா, சப்பாத்திக்கள்ளி, கள்ளி என்று அந்தந்த மண்ணுக்கு எது வருமோ அது. 1879-ல் அந்தச் சுங்கக் கோடு முழுவதையும் கைவிட்டார்கள். உப்பு வரி மட்டும் போகவில்லை.

---

மட்டுறுத்துநர்

சுவையான தகவல், ஆனால் இழை செவ்வாழையின் 60 அடி பற்றியது. உப்புவேலிக்குத் தனி இழை தொடங்கலாம்.

---

உப்புமூட்டை (சேலம்)

ஐயா, சம்பந்தம் இருக்கிறது! ஒரே செடியை எல்லா இடத்திலும் வைத்தால் வராது என்பதை ஒரு சாம்ராஜ்யமே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. செவ்வாழையின் மண் என்ன மண் என்று இதுவரை யாருமே கேட்கவில்லை.

---

செவ்வாழை (கோவை)

சிரித்துவிட்டேன். கரிசல்மண், மேலே ஓரடி கட்டட இடிபாடு. போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. ஜல்லியும் பலகையும் மேற்கு மூலையில்தான் கிடக்கிறது, மல்லிப்பந்தல் அக்கா எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை அள்ளிவிடுகிறேன்.

---

மல்லிப்பந்தல் (சென்னை)

எல்லோர் வீட்டிலும் அந்த மூலையில்தான் கிடக்கும் தம்பி.

---

முள்கிளுவை (காங்கேயம்)

இடிபாட்டை முடிந்தவரை எடுத்துவிட்டு, ஒன்றரை அடி ஆழத்துக்கு நீளமாகச் சால் வெட்டி, தொழுவுரமும் நல்ல மண்ணும் கலந்து நிரப்புங்கள். என் யோசனை இது. வெளிவரிசை ஆடாதோடை. பெயரே சொல்கிறது, காலி மனையில் மேய வருகிற ஆடு தொடாது. கரிசலில் நன்றாக வரும், குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும். உள்வரிசை நொச்சியும் மருதாணியும் மாற்றி மாற்றி. இரண்டு வரிசைக்கும் நடுவே ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி, நேருக்கு நேர் இல்லாமல் இடைவெளியைப் பார்த்து. இருபதடிக்கு ஒன்றாகக் களாவோ எலுமிச்சையோ. பிரண்டையில் இரண்டு கணு கொண்டு வந்து கம்பிவலையோரம் போட்டுவிடுங்கள். கம்பிவலையைக் கழற்ற வேண்டாம். செடி நிற்கும்வரை அதுதான் வேலி, செடி நின்ற பிறகு கொடிக்குப் பந்தல்.

முதல் இரண்டு கோடை தண்ணீர் விட வேண்டும். அதற்குமேல் தேவை குறைவு.

---

காற்றுமானி (தூத்துக்குடி)

நொச்சிக்கு இன்னொரு பலன். வேலியில் கழிக்கிற நொச்சியும் ஆடாதோடையும் பூச்சிவிரட்டிக் கரைசலுக்குப் போகும். அரிசிப் பானையில் நொச்சி இலை போடுவது எல்லா வீட்டிலும் இருந்த பழக்கம்தானே.

எலுமிச்சையில் காக்கை எச்சம் மாதிரி ஒரு புழு உட்கார்ந்திருக்கும், உடனே மருந்து அடித்துவிடாதீர்கள். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. வளர்ந்த பிறகு பச்சையாகிவிடும். நாலு இலை போனால் போகட்டும்.

---

சந்தேகப்பேர்வழி (திருச்சி)

ஒரு கடைசிக் கேள்வி, அப்புறம் வாயை மூடிக்கொள்கிறேன். இவ்வளவும் வந்து, குருவியும் ஓணானும் வந்து, அதனால் செவ்வாழைக்கு என்ன? வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்ட கதை ஆகாதா?

---

கதியால் (யாழ்ப்பாணம்)

அந்தப் பழமொழியைச் சொன்னவர் வேலியில் தினமும் ஓணானைப் பார்த்திருக்கிறார். நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

---

சந்தேகப்பேர்வழி (திருச்சி)

…நினைவில்லை. ஓணானை அடித்த சின்ன வயசு ஞாபகம்தான் இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

---

முள்கிளுவை (காங்கேயம்)

அதனால் என்ன என்றால், ஓணானும் அரணையும் பூச்சி தின்னும், தவிட்டுக்குருவி ஏழெட்டாக வந்து சருகைக் கிளறிப் புழுவைப் பொறுக்கும், செம்போத்து நத்தையிலிருந்து சின்னப் பாம்பு வரைக்கும் எடுக்கும். இவையெல்லாம் நடுவெளியில் நடமாடாது, ஓட்டமாக ஓடி ஒளிய ஒரு புதர் வேண்டும். புதரை எடுத்துவிட்டுக் கத்தரிச்செடிக்கு மருந்து வாங்க நாம் கடைக்குப் போகிறோம். தேனீயும் அப்படித்தான். நொச்சி பூத்தால் வேலி இரையும், பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் 60 அடி மட்டும் தனியாக ஒன்றும் பெரிதாகச் செய்யாதுதான். அந்தச் சோளக்காட்டு வரப்போடு அது சேர்கிறது பாருங்கள், அங்கேதான் விஷயம். கீரியும் ஓணானும் சுவர் கண்டால் தயங்கும், வேலி கண்டால் உள்ளே வந்துவிடும்.

---

செவ்வாழை (கோவை) | பதினான்கு மாதம் கழித்து

இழையை மேலே கொண்டு வருகிறேன், மன்னிக்கவும். வேலி வைத்தேன். முள்கிளுவை அண்ணன் சொன்ன கணக்கில் 80 குச்சி. அதில் 19 பட்டுப்போனது. பாதி என் தப்பு, சித்திரையில் ஊருக்குப் போய்விட்டேன். மருதாணிதான் அதிகம் போனது, ஆடாதோடை ஒன்றுகூடச் சாகவில்லை. போன ஐப்பசியில் இடைவெளியை நிரப்பினேன். இப்போது ஆடாதோடை என் தோளுக்கு, நொச்சி தலைக்கு மேல். களா இன்னும் முழங்கால்தான், கோபித்துக்கொண்டு நிற்கிறது.

ஆடிக்காற்றில் வாழை இந்த முறை நார் நாராகக் கிழியவில்லை. முற்றத்துச் சூடு குறைந்ததா என்றால், மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரிகிறது, தெற்குச் சுவர்ப் பக்கம் பழைய அனல்தான். பாம்பு ஒருமுறை வந்தது. சாரை. வேலியிலிருந்து இல்லை, கேட்டுக்கு அடியில் நுழைந்து போர்ட்டிகோ வழியாக ஜம்மென்று போனது. வீட்டில் ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. அப்புறம் ஒருநாள் அவளே கூப்பிட்டு, கம்பிவலை மேல் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓணானைக் காட்டினாள். சந்தேகப்பேர்வழி சாருக்காகப் போட்டோ எடுக்கப் போனேன், ஓடிவிட்டது.

இப்போது விஷயம். இன்று காலை கத்தரியோடு போனேன். பாதி தூரம் வெட்டிவிட்டேன். ஆடாதோடையில் இரண்டு பெரிய இலை ஓரத்தோடு ஓரம் சேர்ந்து பொட்டலம் மாதிரி இருந்தது. ஏதோ புழு மடித்து வைத்திருக்கிறது என்று கையை வைக்கப் போனேன். பார்த்தால் வெள்ளை நூல், வரிசையாகத் தையல். உள்ளே பஞ்சு. விரல்கடை அளவு முட்டை மூன்று. தையல்சிட்டு பக்கத்து நொச்சியில் உட்கார்ந்து என்னைத் திட்டித் தீர்க்கிறது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். இப்போது வேலி பாதி வெட்டி, பாதி வெட்டாமல், பார்க்கக் கோணலாக நிற்கிறது. எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

---

மல்லிப்பந்தல் (சென்னை)

அடைகாக்க 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் 14 நாள். ஒரு மாதம் என்று வையுங்கள். அந்தப் பக்கத்தில் ஆறடிக்கு ஆறடி கிட்டே போகாதீர்கள், போட்டோவுக்காக இலையை விலக்கவும் வேண்டாம்.

---

சந்தேகப்பேர்வழி (திருச்சி)

கோணலாகவே நிற்கட்டும். ஆடாதோடைக் குச்சி கொஞ்சம் அனுப்பி வைக்க முடியுமா? பஸ் பார்சல் செலவு என்னுடையது.